சத்தம் போடாத ஜக்கெட்

“கற்பிட்டி முனையிலிருந்து புத்தளம் மட்டும், இந்தக் கடக்கரையில ஜக்கெட் இல்லாம குளிருல செத்த மனுசன் ஒருத்தனும் இல்ல.”

இதைச் சொன்னவர் இஸ்ஹாக் டெய்லர். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு, ஆலங்குடாவில் தன் வீட்டு முன்னறையில், உதட்டில் இரண்டு குண்டூசிகளைக் கவ்வியபடி சொன்னார். வாயில் குண்டூசி இருக்கும்போது அவர் பொய் சொல்வதில்லை என்பது ஊரில் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட விஷயம். விழுங்கிவிடுவோம் என்ற பயம்.

பிறகு கூற்றை விரிவாக்கினார். ஜக்கெட் என்பது, வெயில் ஒழுங்காகக் கிடைக்காத நாடுகளுக்கு இறைவன் கொடுத்த நட்டஈடு. வெயிலையும் வாங்கிக்கொண்டு நட்டஈட்டையும் கேட்பது பேராசை. தொண்ணூறாம் ஆண்டு, துவக்கு வைத்திருந்தவர்கள் முஸ்லிம்களையெல்லாம் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது, அவர் மன்னாரிலிருந்து ஒரு சாரமும் ஒரு சேட்டுமாக வள்ளத்தில் ஏறினார். கற்பிட்டியில் இறங்கும்போது சேட்டும் இல்லை. செத்தா போனார்?

சேட்டு எங்கே போனது என்று அவர் சொல்வதில்லை. கேட்கிற துணிச்சலும் முப்பத்திரண்டு வருடத்தில் யாருக்கும் வரவில்லை.

சென்ற வாரம் வேறு வேலையாக இருந்து இந்தத் தொடரை விட்டவர்களுக்குச் சுருக்கமாக: இஸ்ஹாக் டெய்லரின் மகன் முபாரிஸுக்கு வயது இருபத்துநான்கு. டொல்பின் பார்க்க வருகிறவர்களைக் கடலுக்குக் கூட்டிப்போகும் படகை ஓட்டுகிறவன். டீசல் தட்டுப்பாட்டில் கரையேறிய படகு பத்து மாதமாக இறங்கவில்லை. இப்போது அதில் கோழி முட்டையிடுகிறது. சனிக்கிழமை காலை அவன் போலந்துக்கு, இறைச்சி பொதிசெய்யும் தொழிற்சாலை வேலைக்குப் போகிறான். அப்படித்தான் சொன்னான். உம்மா றஹ்மா நம்பினாள். ராத்தா, அதாவது அக்கா, நஸ்ஹா நம்பவில்லை. நம்பாததற்கு அவளிடம் எந்தக் காரணமும் இல்லை. ஆகவே அவனுடைய பையிலிருந்து கடவுச்சீட்டை எடுத்து, வாப்பாவின் தையல் மேசையில் வருடக்கணக்காகத் திறக்காத அடி இழுப்பறைக்குள், துண்டுச் சீலைகளுக்குக் கீழே ஒளித்துவைத்தாள். சென்ற வாரம் அங்கே நிறுத்தினோம்.

இந்த வாரம் ஜக்கெட்.

ஏஜன்சிக்காரர் வட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தார். ஒரு ஜக்கெட் வேண்டும். விமான நிலையத்தில் போட்டால் சுற்றுலாக்காரன் மாதிரி இருக்க வேண்டும். வெளியே போட்டால் காத்தை மறிக்க வேண்டும். ‘சொஃப்ட்ஷெல்’ என்று கேட்டு வாங்கு.

தில்லையடியில் அத்தாஉல்லா, வெளிநாட்டுப் பழைய உடுப்பைப் பொதியாக எடுத்துப் பிரித்து விற்கிறவர். அவருக்கு ஷெல் என்றால் பெற்றோல் செட் மட்டும்தான் தெரியும். மூன்று ஜக்கெட்டைத் தூக்கிக் கொடுத்து, “ஊட்ட கொண்டு போய்ப் பாரு தம்பி. புடிச்சத வெச்சிட்டு மத்த ரெண்டையும் இண்டைக்கே கொண்டு வா,” என்று அனுப்பியிருந்தார்.

மூன்றும் இப்போது முன்னறைக் கொடியில் தொங்கின. ஒன்று தோடம்பழ ஆரஞ்சு நிறம், பொம்மென்று ஊதியிருந்தது. ஒன்று கறுப்பு, வழவழவென்றது. ஒன்று சாம்பல்.

“எது வாப்பா நல்லம்?” என்றான் முபாரிஸ்.

“மூண்டும் பிழ.”

“பாக்காமலா சொல்றீங்க?”

பார்த்தார். டெய்லர்மார் உடுப்பை வெளிப்பக்கம் பார்ப்பதில்லை. மூன்றையும் உட்புறமாகப் புரட்டிப்போட்டுவிட்டு, மூக்குக் கண்ணாடியை இறக்கினார்.

தோடம்பழ நிறத்தை அமுக்கினார். “இது ஜக்கெட் இல்ல. தலவாணிக்குக் கை வெச்சிருக்கான்.”

கறுப்பின் தையலெல்லாம் உள்ளே நாடா ஒட்டி மூடியிருந்தது. “எல்லாத் தையலுக்கும் பிளாஸ்டர் போட்டிருக்கான். ஆருக்குக் காயம்?”

சாம்பலை எடுத்தார். வெளியே சீலை இறுக்கமாக, மினுக்கம் இல்லாமல் இருந்தது. உள்ளே ஆட்டுக்குட்டி முதுகு மாதிரி மெல்லிய பஞ்சு. நெடுக்காக இழுத்தார், வந்தது. குறுக்காக இழுத்தார், வந்தது. விட்டார், தன் இடத்துக்குப் போய் நின்றது. சீலையை வாயில் வைத்து ஊதினார். மறுபக்கம் பிடித்திருந்த கைக்குக் காற்று வரவில்லை. அக்குளில், முழங்கையில், கழுத்தில் தையலை நகத்தால் கிளறிப்பார்த்தார். பிழை கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டார்.

“தையல் பரவாயில்ல,” என்றார். டொக்டர் ஒருவர் குடும்பத்தாரை வெளியே கூப்பிட்டுச் சொல்கிற குரலில்.

நஸ்ஹா வேலைக்குப் புறப்பட அபாயாவோடு நின்றாள். அவள் கடற்கரையில் ஒரு கைட் ஹோட்டலின் லொண்டரியில் இருக்கிறாள். பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் ஓடுகிற வெள்ளைக்காரர்கள் கழற்றிப்போடுவதையெல்லாம் தோய்ப்பவள். உலகத்து ஜக்கெட்டுகளை அவளைவிட அதிகம் தெரிந்தவர்கள் இந்த வீட்டில் இல்லை.

“தோடம்பழக் கலர் குளிருல ஒரு இடத்துல நிக்கிற ஆக்களுக்கு,” என்றாள். “கறுப்பு மழைக்கு. எவ்வளவு ஊத்தினாலும் உள்ளுக்கு வராது. சாம்பல்தான் சொஃப்ட்ஷெல். நடக்கிற, ஏறுற ஆக்களுக்கு. காத்து போகாது, வேர்வ வெளிய போகும், கையக் கால நீட்டலாம். பின்னேரம் அதையே போட்டுட்டுச் சாப்பிடவும் போவாங்க.”

“அப்ப எல்லாத்துக்கும் ஏத்தது,” என்றான் முபாரிஸ்.

“எல்லாத்தையும் அரவாசி அரவாசி செய்யும். மழைக்குப் பத்தாது.”

“பத்தும். பாரு.”

குடிக்க வைத்திருந்த தண்ணீரைச் சாம்பல் தோளில் ஊற்றினான். தண்ணீர் மணி மணியாக உருண்டு நிலத்தில் விழுந்தது. றஹ்மா ‘அல்லாஹ்’ என்று வாயில் கைவைத்தாள்.

“இன்னம் ஊத்து,” என்றாள் நஸ்ஹா. “மழ ஒரு கோப்பையோட நிக்குமா?”

ஒரு செம்பு ஊற்றினான். இரண்டாம் செம்பில் மணிகள் குறைந்தன. மூன்றாவதில், தோள் தையலோரம் கருத்து, ஈரம் மெதுவாகக் கீழே இறங்கத் தொடங்கியது.

“கண்டியா? கறுப்ப எடு.”

முபாரிஸ் கறுப்பைப் போட்டுக்கொண்டு அறையின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு நடந்தான். ஒவ்வோர் அடிக்கும் பப்படம் நொறுங்குகிற மாதிரிச் சத்தம் வந்தது. மெதுவாக நடந்து பார்த்தான். மெதுவாக நொறுங்கியது. கழற்றிவிட்டான்.

“இது வேணாம். சத்தம் போடுது.”

“அப்ப தோடம்பழக் கலர எடு மகன்,” என்றாள் றஹ்மா. “வெதுவெதுண்டு இருக்கும்.”

“அது கண்ணுல அடிக்குது உம்மா.”

“அடிக்கட்டுமே. பனி மூடின ரோட்டுல வாகனக்காரனுக்கு நீ போறது தெரியும்.”

“தெரிய...” என்று தொடங்கிய முபாரிஸ், மீதியை விழுங்கினான்.

இஸ்ஹாக் டெய்லர் கண்ணாடிக்கு மேலால் மகனைப் பார்த்தார். “கண்ணுலயும் படக்கூடாது. சத்தமும் போடக்கூடாது. இறைச்சிக் கொம்பனிக்குப் போறியா, கோழி களவெடுக்கப் போறியா?”

எல்லோரும் சிரித்தார்கள். முபாரிஸ்தான் அதிக நேரம் சிரித்தான்.

“சாம்பலே இருக்கட்டும்,” என்று அதைப் போட்டுப் பார்த்துக் கழற்றினான்.

நாற்பது வருடத் தொழிலில் இஸ்ஹாக் டெய்லரிடம் இறுக்கமாகக் கேட்டிருக்கிறார்கள். லூசாகக் கேட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியாமல் வயிற்றை மறைக்கக் கேட்டிருக்கிறார்கள். சத்தம் போடாத உடுப்பு வேண்டும் என்று ஒருவரும் கேட்டதில்லை. அது ஒரு சின்ன முள்ளாக எங்கேயோ குத்தியது. அவர் அதைக் கவனிக்கவில்லை. பகிடி நன்றாக வந்திருந்தது.

றஹ்மா சாம்பல் ஜக்கெட்டைத் துவாயால் துடைத்தாள். “கழுத்துக்குள்ள இவன்ட பேரத் தச்சிடவா? நாலு பேரோட தங்குற இடமாம். மாறிப் போகும்.”

இது றஹ்மாவின் பழைய பழக்கம். முகாம் காலத்தில் நிவாரணத்துக்கு ஒரே புடவைக் கட்டிலிருந்து உடுப்புத் தைத்துக் கொடுத்தார்கள். நூற்றுச் சொச்சம் பிள்ளைகள், ஒரே நீலப் பூ. கொடியில் காயப்போட்டால் யாருடையது யாருக்கென்று சண்டை. றஹ்மா சிவப்பு நூலால் கழுத்துக்குள் பெயர் தைத்தாள். மற்றப் பெண்களும் தைத்தார்கள். ஊரில் அநேகம் பேர் இன்றைக்கும் தைக்கிறார்கள். இஸ்ஹாக் டெய்லர் மட்டும் அன்றிலிருந்து இன்றுவரை அதைப் பார்த்துச் சிரிக்கிறார்.

“சீலைக்குப் பேர் எழுதுற சாதி உலகத்துல நாமதான்,” என்றார். “என்னத்துக்குப் பேர்? போட்டிருக்கிறவனுக்குத் தன்ட பேர் தெரியாதா? மையத்துக்குப் போடுற கபன் சீலைக்கே பேர் தைக்கிறல்ல புள்ள. பேர் இல்லாமத்தான் எல்லாரும் போற.”

“பயணம் போற புள்ளைக்கு முன்னால என்ன வார்த்த இது?”

“உள்ளதச் சொன்னன். குளிருக்குச் செத்தவன் இல்ல, பேரில்லாமத் துலைஞ்சவனும் இல்ல.”

றஹ்மா துவாயைக் கொடியில் போட்டாள். திரும்பாமல் கேட்டாள்.

“குளிருக்கு ஒருத்தரும் சாகல்லியா?”

இஸ்ஹாக் டெய்லர் மெஷினை மிதித்தார். கடகடவென்று ஓடியது. ஊசிக்குக் கீழே சீலை எதுவும் இல்லை.

மூத்தவன் பெயர் நெய்னார். ஏழு மாதம். வள்ளத்தில் ஒரு பகலும் ஓர் இரவும் மழை. வாப்பாவின் சேட்டால் சுற்றிப் பிடித்திருந்தார்கள். கற்பிட்டியில் இறங்கி மூன்றாம் நாள் முடிந்தது. காய்ச்சல் என்றுதான் இந்த வீட்டில் சொல்வார்கள்.

நஸ்ஹா செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிப்போனாள். முபாரிஸ் மற்ற இரண்டு ஜக்கெட்டையும் மடித்து, தில்லையடிக்குக் கொண்டுபோகப் பையில் வைத்தான். கறுப்பு, மடிக்கும்போதும் சத்தம் போட்டது.

*

கைட் ஹோட்டலில் காற்று நல்ல நாள். ஆகவே லொண்டரியில் கெட்ட நாள். மணலும் உப்புமாக உடுப்பு இடுப்பளவுக்குக் குவிந்திருந்தது.

மாம்புரியிலிருந்து வேலைக்கு வருகிற ஜூலியானா மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் அறை இலக்கம் குத்திக்கொண்டிருந்தாள். மை போட்டால் வெள்ளைக்காரர் குறை சொல்வார்கள் என்று கழுத்து லேபலில் நூலால் இரண்டு இழை ஓட்டுவது அவளுடைய முறை. போகும்போது உருவிவிடலாம். ஐந்து வருடமாக நஸ்ஹாவும் அவளும் ஒரே மேசை. நோன்பு காலத்தில் நஸ்ஹாவுக்கு முன்னால் தண்ணீர்கூடக் குடிக்காத பெண்.

கோழி களவுப் பகிடியை நஸ்ஹா அவளுக்குச் சொன்னாள். வாப்பா சொன்ன மாதிரியே, கண்ணாடிக்கு மேலால் பார்த்துச் சொன்னாள்.

ஜூலியானா சிரிக்கவில்லை.

“ஆர் சொன்னது சாம்பல் எடுக்கச் சொல்லி?”

“அவன்தான். தோடம்பழக் கலர் கண்ணுல அடிக்குதாம்.”

“கறுப்பு?”

“சத்தம் போடுதாம்.”

ஜூலியானா ஊசியை மேசையில் குத்தி வைத்தாள். எழுந்துபோய் வோஷிங் மெஷினைப் போட்டாள். அது தண்ணீர் இழுத்து இரையத் தொடங்கும்வரைக்கும் அங்கேயே நின்றுவிட்டு வந்தாள்.

“நஸ்ஹா, என்ட தம்பி எக்சிடன்ட்ல செத்ததெண்டு சொன்னன்தானே. கோயில்லயும் அப்பிடித்தான் பூச சொன்னது.”

“ஓம்.”

“எக்சிடன்ட் இல்ல.”

மெஷின் இரைந்தது.

“அவனுக்கும் வேலையெண்டுதான் சொன்னாங்க. போற நாட்டுக்குப் பக்கத்து நாடு ஒண்டுக்குச் சுத்திப் பாக்கிற விசா. அங்க இருந்து காட்டால நடந்து போற. ரெண்டு நாளெண்டு சொன்னாங்க. எங்கட ஊட்டுலயும் இருந்துதான் ஜக்கெட் பாத்தம். வெளிச்சமான கலர் வேணாம். சத்தம் போடுற சீல வேணாம். இரவுல காவல்காரனுக்குக் கேக்குமாம். அவன் அத எங்களிட்டச் சொல்லல்ல. ‘எனக்கு இதுதான் ஸ்டைல்’ எண்டான்.”

நஸ்ஹா ஒரு தலையணை உறையை மடித்தாள். மடித்ததையே மறுபடி மடித்தாள்.

“ரெண்டு நாள் பதினொரு நாளாப் போச்சு. மழ. பிறகு குளிர்.”

“எப்பிடித் தெரியும் உனக்கு?”

“பாஸ்போட்ட காட்டுக்குள்ள எறிஞ்சிட வேணுமாம். பிடிபட்டாத் திருப்பி அனுப்பாம இருக்க. ஆள் ஆரெண்டு தெரியாம அங்க ஆசுப்பத்திரியில நாப்பது நாள் நம்பர் போட்டு வெச்சிருந்தாங்க.” ஜூலியானா மேசையில் குத்தியிருந்த ஊசியைப் பார்த்தாள். “போகக்குள்ள அந்த ஜக்கெட்டுக் கழுத்துல என்ட போன் நம்பரத் தச்சன். இங்க தைக்கிற பழக்கம். ஜக்கெட் துலைஞ்சா ஊட்ட வந்து சேரும் எண்டு பகிடிக்கு. ஒரு நாள் பகல் போன் வந்திச்சி. ஒரு பொம்பள. என்ன பாசையெண்டு தெரியல்ல. ஒண்டும் விளங்கல்ல. என்ட நம்பரத்தான் இங்கிலீசுல ஒவ்வொண்டாத் திருப்பித் திருப்பிச் சொன்னா. நான், ‘யெஸ், யெஸ், மை நம்பர்’ எண்டன். அவ அழுதுட்டா.”

நஸ்ஹாவுக்கு, காலையில் தண்ணீர் தோள் தையலோரமாக மெதுவாக இறங்கியது ஞாபகம் வந்தது. மூன்றாவது செம்பு.

“நான்தான் அவனுக்குச் சொன்னன் ஜூலி,” என்றாள். “நடக்கிற ஆக்களுக்கு நல்லமெண்டு.”

*

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நஸ்ஹா வீட்டுக்கு வந்தபோது உம்மா இல்லை. பயணத்துக்குப் பலகாரம் சுட ஹவ்வா மாமி வீட்டுக்குப் போயிருந்தாள். முபாரிஸ் தில்லையடியிலிருந்து இன்னும் வரவில்லை.

அவள் வாப்பாவிடம் சொன்னாள். நின்றபடி, அபாயாவைக் கழற்றாமல், ஜூலியானா சொன்ன ஒழுங்கிலேயே சொன்னாள். இஸ்ஹாக் டெய்லர் ஒரு பாடசாலைக் கவுணின் மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார். கேட்டு முடியும்வரை பிரித்தார். பிரிக்கத் தேவையில்லாத இடத்தையும் பிரித்திருந்தார்.

“உம்மாக்கிட்டச் சொல்லாத,” என்றார்.

“அவனுக்கு?”

“நான் கேக்கிறன்.”

முபாரிஸ் வந்தான். கையில் பை இல்லை. தோடம்பழமும் கறுப்பும் அத்தாஉல்லாவின் கடைக்குப் போய்விட்டன. கறுப்பை அப்போதே ஒருவர் வாங்கிக்கொண்டு போனாராம். மீன் வாடியில் ஐஸ் அள்ள.

“இரி,” என்றார் இஸ்ஹாக் டெய்லர்.

அவன் கதிரையில் இருந்தான்.

“சட்ட ஏன் சத்தம் போடக் கூடாது?”

முபாரிஸ் ராத்தாவைப் பார்த்தான். அவள் சுவரைப் பார்த்தாள்.

“எத்தன நாள் நடக்கணும்?”

 “ரெண்டு நாளெண்டாங்க,” என்றான்.

“எல்லாருக்கும் ரெண்டு நாளெண்டுதான் சொல்றானாம்.”

“போன கிழம நாலு பேர் போய்ச் சேந்துட்டாங்க வாப்பா. போட்டோ அனுப்பியிருக்காங்க.”

“சேராதவன் போட்டோ அனுப்ப மாட்டான்.”

“இங்க இருந்து என்ன செய்யச் சொல்றீங்க? பத்து மாசமா போட்டுல கோழி முட்ட எடுக்கிறன். நீங்க மன்னாருல இருந்து வரக்குள்ள எத்தன நாளெண்டு கணக்குப் பாத்தா வந்தீங்க?”

“எங்களத் துரத்தினாங்கடா! உன்ன ஆருடா துரத்துற?”

முபாரிஸுக்கு அதற்குப் பதில் இருந்தது. கொடியில் தொங்கிய, யாரும் எடுக்க வராத நான்கு தைத்த சேட்டுகளைப் பார்த்தான். ராத்தாவின் உப்பில் வெடித்த கையைப் பார்த்தான். பதிலைச் சொல்லவில்லை. இந்தத் தொடரில் அவன் செய்த முதல் மரியாதையான காரியம் அது.

“போறதுதான் வாப்பா,” என்று மட்டும் சொன்னான். “நீங்க ஏசினாலும் போறதுதான். ஏசாம விட்டீங்கண்டா, நடக்க லேசா இருக்கும்.”

இஸ்ஹாக் டெய்லர் வழக்கமாக இந்த இடத்தில் ஒரு பகிடி சொல்வார். நஸ்ஹா காத்திருந்தாள். வரவில்லை.

“சட்டையத் தா,” என்றார். “கை நீளமா இரிக்கி. பாக்கணும்.”

கை நீளமாக இருக்கவில்லை. காலையில் போட்டுப் பார்த்தபோது மூன்று பேரும் கண்டார்கள். முபாரிஸ் ஜக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் பையை அடுக்க உள்ளே போனான். நஸ்ஹா குசினிக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். தேத்தண்ணிக்கு யாரும் கேட்கவில்லை.

தோள் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. இஸ்ஹாக் டெய்லர் அதைக் கையால் தடவினார். பின் கழுத்தை உட்புறமாகப் புரட்டினார். வெள்ளைப் புடவையில் இரண்டு விரல் அகலத்தில் ஒரு துண்டு வெட்டினார். நான்கு ஓரத்தையும் மடித்து நகத்தால் அழுத்தினார். மேசைமேல் கறுப்பு நூல் இருந்தது, வெள்ளை இருந்தது, நீலம் இருந்தது. மூன்றையும் எடுத்துப் பார்த்து வைத்தார்.

பிறகு குனிந்து, அடி இழுப்பறையை இழுத்தார்.

அது சிக்கிச் சிக்கி வந்தது. றஹ்மாவின் முகாம் காலத்துச் சிவப்பு நூல் அங்கேதான் கிடந்தது. துண்டுச் சீலைகளைக் கிளறினார். நூலுக்கு முன்னால் கைக்கு வேறொன்று அகப்பட்டது.

கடவுச்சீட்டை முதலில் மூடியபடியே பார்த்தார். பிறகு குசினிப் பக்கம் பார்த்தார். அங்கே நஸ்ஹாவின் முதுகு தெரிந்தது. அது அசையவில்லை.

உள்ளறையில் முபாரிஸ் பையை மூன்றாம் முறை கொட்டினான். அலுமாரிக் கதவு திறந்து அடித்தது. மெத்தையைப் புரட்டுகிற சத்தம் வந்தது.

இஸ்ஹாக் டெய்லருக்குத் தமிழ் எழுத்துத் தெரியும். ஓத, அரபெழுத்துத் தெரியும். இங்கிலீசில் இலக்கம் மட்டும் தெரியும். தமிழில் தைத்தால் அந்தக் காட்டில் யார் வாசிப்பது? கடவுச்சீட்டை மகனுடைய படம் இருக்கும் பக்கத்தில் விரித்து, மெஷின் பாதத்தை இறக்கிப் பக்கத்தைப் பிடித்துவைத்தார். பெயரை எழுத்தாக வாசிக்கத் தெரியாததால், பூ வேலை பார்க்கிற மாதிரிப் பார்த்தார். இரண்டு மலையும் நடுவில் ஒரு பள்ளமும். அடி வளைந்த ஒரு கிண்ணம். இரண்டு வயிறு வைத்த ஒரு கோடு. சிவப்பு நூலை ஊசியில் கோர்த்தார்.

மெஷினில் தைக்கவில்லை. துண்டை நான்கு குண்டூசியால் நிறுத்தி, கையால் தைத்தார். உள்பஞ்சை மட்டும் தொட்டு எடுத்தார். வெளிச்சீலையில் ஊசி இறங்கினால் அந்த ஓட்டையால் காற்றுப் போகும். ஒவ்வொரு குத்துக்கும் வெளியே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டார்.

பெயர் முடிந்தது. அதற்குக் கீழே தன்னுடைய போன் நம்பரைத் தொடங்கினார். நிறுத்தியிருந்த குண்டூசிகளைக் கழற்றி உதட்டில் வைத்துக்கொண்டார்.

“வாப்பா!” முபாரிஸ் வாசலில் நின்றான். முகமெல்லாம் வேர்வை. “என்ட பாஸ்போட்டக் காணல்ல. நீங்க எங்கயாச்சும் கண்டீங்களா?”

இஸ்ஹாக் டெய்லர் ஜக்கெட்டின் ஒரு கையை எடுத்து, கடவுச்சீட்டு மறைய மெஷின்மேல் போட்டார். குசினியில் கேத்தில் கொதித்துக்கொண்டிருந்தது, யாரும் இறக்கவில்லை. அவர் வாயிலிருந்து குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். நான்கையும் மேசையில் வரிசையாக வைத்தார்.

“இல்ல மகன்,” என்றார். “நான் காணல்ல.”

முபாரிஸ் மறுபடி உள்ளே ஓடினான். அலுமாரி அடித்தது.

இஸ்ஹாக் டெய்லர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டு, ஊசியைத் தேடி எடுத்தார். இன்னும் மூன்று இலக்கம் இருந்தது.